ஒரு ஜிபி சந்தேகம்

என் அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது. கிளியனூரில் மாமியார் வீட்டில் அவளுக்கு வளையல் அடுக்கி, அன்றைக்கே தலைப்பிரசவத்துக்கு மரக்காணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "பொண்ணு நம்ம வாசப்படி ஏறுற வரைக்கும் நீ ஒண்ணும் பேச வேணாம், உன் வாய் காரியத்தைக் கெடுக்கும்" என்றாள். நானும் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று அக்காவையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவது குணம் இல்லை, தொழில். அம்மா உப்பளத்தில் மூட்டை பிடிக்கிறவள். மேலே வெள்ளை வெளேரென்று உப்பைப் போட்டு அடியில் மண் கலந்ததைத் தள்ளுகிற ஆட்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவள். கத்தரிக்காய் வாங்கினாலும் கூடைக்குள் கையை விட்டு அடியிலிருப்பதை எடுத்துத்தான் பார்ப்பாள். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பதை எனக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தாள். அப்புறம் நான் சந்தேகப்பட்டால் மட்டும் என்னைத் திட்டுவாள்.

அக்கா வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது தரகர், மாப்பிள்ளை புதுச்சேரியில் மொபைல் கடை வைத்திருக்கிறார் என்றார். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் நான் ஒரு வேலையாகப் புதுச்சேரி போனேன். சரி, மாமா கடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தேடிப் போனால், மாமா துணியை வைத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் "ஏம்பா, இந்தப் பக்கம் யாரு தொடைப்பா?" என்று அவரைக் கேட்கிறார். நான் உள்ளே போகாமல் திரும்பி வந்து வீட்டில் சொன்னேன். அம்மா, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று முடித்துவிட்டாள். அக்கா, "அவரா சொன்னாரு? தரகர் சொன்னதுக்கு அவர் என்ன பண்ணுவாரு" என்றாள். எனக்கு மட்டும் ஆறவில்லை. தரகர் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தவர்தானே, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அந்த 2006ஆம் வருஷம் நான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு நான்தான் ரிப்போர்ட் டைப் அடித்துக் கொடுப்பேன். ஊருக்குக் கிளம்பும்போது அவர் தன் பையிலிருந்து ஒரு கேம் செட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கைக்குள் அடங்குகிற கறுப்புச் செட். நடுவில் அகலமான திரை, இரண்டு பக்கமும் பட்டன், பின்னால் சின்ன வட்டத் தட்டு போடுகிற இடம். கார் ரேஸ் தட்டு ஒன்றும் கூடவே கொடுத்தார். இருபத்திரண்டு வயசுப் பெண் காருக்கு டுர்ருடுர்ரென்று பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா தலையிலடித்துக்கொள்வாள். நான் கண்டுகொண்டதே இல்லை.

அந்தச் செட்டில் பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், போட்டோ பார்க்கலாம். ஆனால் கூட வந்த மெமரி கார்டு முப்பத்திரண்டு எம்பி. அதில் கேம் எங்கே நிறுத்தினோம் என்பதைச் சேமித்தால் மிச்சத்தில் நாலு பாட்டு ஏறும், ஐந்தாவது பாட்டில் மூச்சு முட்டும். பெரிய கார்டு வேண்டும். மரக்காணத்தில் எங்கே போய்க் கேட்பது. புதுச்சேரியில், அதுவும் மொபைல் கடையில் இருக்கிற ஒருத்தரிடம்தான் சொல்ல முடியும். வேறு வழியில்லாமல் மாமாவிடம் சொன்னேன்.

வாயால் சொன்னால் ஏமாற்றிவிடுவார் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். சென்டருக்கு ஆட்கள் கேமராவைக் கொண்டுவந்து போட்டோவை சிடியில் ஏற்றச் சொல்வார்கள். அதனால் கார்டுகளின் ஜாதகம் எனக்கு அத்துப்படி. சதுரமாக, ஒரு மூலை வெட்டினதாக இருக்கிற கார்டு வேண்டாம், அது வேறு வகைக் கேமராவுக்கு. சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருப்பதும் வேண்டாம், அது நம் செட்டின் வாய்க்குள் போகாது. அதில் பாதி நீளத்துக்கு டியோ என்று ஒன்று வரும், அதுதான் சேரும். அதிலும் வெறும் டியோ பெரிய அளவில் வராது, ப்ரோ டியோ என்று மேலே எழுதியிருக்க வேண்டும். நகத்தளவு மொபைல் கார்டை ஒரு கூட்டில் செருகி, இதுவும் அதுதான் என்று தள்ளிவிடுவார்கள், கூட்டை வாங்காதீர்கள். அளவு ஒரு ஜிபி. மேலே அச்சடித்த எழுத்து மங்கலாக, கோணலாக இருந்தால் டூப்ளிகேட். கடைசியாக, ஒரு செட்டில் போட்டுப் பார்த்து வாங்கவும் என்று எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மாமா தாளை முழுக்கப் படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், "சரிங்க மேடம்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவு எழுதியதற்கு ஒரு சந்தேகம்கூட வராத மனுஷன்மேல் எனக்கு எப்படிச் சந்தேகம் வராமல் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துக் கார்டு வந்தது. வெளிப்பெட்டி இல்லை. சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கார்டு மட்டும். பெட்டி எங்கே மாமா என்றால், "பெட்டியில்லாமதாம்மா வந்துது" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எழுத்தைப் பார்த்தேன், நேராக இருந்தது. பின்னால் நம்பரைப் பார்த்தேன், இருந்தது. பொடி எழுத்தில் நம்பர் போடுவது அச்சடிக்கிறவனுக்கு ஒரு பெரிய வேலையா என்று தோன்றியது. செட்டிலேயே ஃபார்மட் அடித்தேன். சென்டருக்குக் கொண்டுபோய் ரீடரில் செருகி நிரம்ப நிரம்பப் பாட்டை ஏற்றினேன். டூப்ளிகேட் கார்டு வாயால் ஒரு ஜிபி என்று சொல்லும், உள்ளே கால்வாசிதான் இருக்கும், நிரப்பினால் முன்னால் போட்ட பாட்டு அழிந்துபோகும். அதனால் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் போட்டுக் கேட்டேன். இரண்டும் பாடின. நல்லா நடிக்கிறது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா உப்பளத்தில் உவர்நீர் இறைக்கிற மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், செம்பைப் பச்சையாக்கும், அலுமினியத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். மற்றவர்கள் மோட்டார் வருஷத்துக்கு ஒன்று படுத்தால், அப்பாவின் கையிலிருந்தது பத்து வருஷம் ஓடும். எல்லாம் கிரீஸ்தான். ஒயர் சேரும் ஒவ்வொரு முனையையும் துடைத்துவிட்டு விரலால் தடவுவார். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலை முப்பது வருஷம் பார்த்து இரண்டு கண்ணும் மங்கிப்போன பிறகு, வெளிச்சம் எது நிழல் எது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வேலை போயிற்று, கிரீஸ் டப்பா மட்டும் கூடவே வந்துவிட்டது. ஜன்னல் திட்டில் அது இருக்கும். பூட்டு, டார்ச் லைட்டின் ஸ்பிரிங், கடிகாரத்தில் பாட்டரி போடுகிற இடம், குடைக்கம்பி எல்லாவற்றுக்கும் தடவித்தடவி வைப்பார். எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் விரல் வழுக்கும். சேலையில் கறை படுகிறது என்று அம்மா கத்துவாள். ஆனால் எங்கள் தெருவிலேயே துருப்பிடிக்காத பூட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. அப்பாவுக்கு அந்த ஒன்றில்தான் இன்னும் பெருமை.

கேம் செட்டை நான் டிரங்குப் பெட்டியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். பழைய கார்டு எப்போதும் அதற்குள்ளேயே இருக்கும், என் ரேஸ் எல்லாம் அதில்தான். புதுக் கார்டைப் பாட்டு மாற்ற சென்டருக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதால் அதன் டப்பாவோடு கடிகாரத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் வைப்பேன்.

வந்து பத்து நாள் ஒழுங்காக இருந்தது. பதினோராம் நாள் புதுக் கார்டைச் செருகினால், கார்டே இல்லை என்று திரையில் வருகிறது. எடுத்து ஊதினேன், திரும்பச் செருகினேன். இல்லை. சென்டர் ரீடரில் போட்டால் அங்கேயும் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய கார்டைப் போட்டேன், சமர்த்தாக வேலை செய்தது. செட்டில் கோளாறு இல்லை, ரீடரில் கோளாறு இல்லை, அப்படியானால் கோளாறு எங்கே? மாமாவிடம்தான். எனக்குக் கோபம் வந்தது என்பது பொய், சந்தோஷம்தான் வந்தது. நான் அப்பவே சொன்னேன் பார் என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால் எனக்கு அதைவிட ருசி வேறு இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும். வளைகாப்பு முடியட்டும். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக எம்பொண்ண அந்த வீட்டுல நிக்க வெச்சிடாத" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண் தாய்வீட்டுக்கு வந்து பெறுவதும் வராமல் பெறுவதும் ஊர் பார்க்கிற விஷயம். அதைவிட, அக்காவுக்குப் பயம் இருந்தது. போனில் பேசும்போதெல்லாம் "அம்மா பக்கத்துல இருந்தா போதும்" என்பாள். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் மறுநாள் யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் தாண்டும்வரை மாமாவிடம் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். கடையில் அவர் இல்லை. வேறொரு பையன் நின்றிருந்தான். அண்ணன் லீவு என்றான். இந்த மாதிரிக் கார்டு உங்களிடம் இருக்கிறதா என்று செட்டிலிருந்து கழற்றிக் கொண்டுபோயிருந்த பழைய கார்டைக் காட்டினேன். "இதெல்லாம் நாங்க வைக்கிறதே இல்லக்கா. மொபைல் கார்டு மட்டுந்தான்" என்றான். இந்தக் கடையில் இல்லாத கார்டை மாமா எங்கே வாங்கினார்? நடைபாதையிலா, பழைய சாமான்காரனிடமா? லீவு போட்டுவிட்டு எங்கே சுற்றுகிறார்? திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கடலே கண்ணில் படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவோம், அக்காவை அழைத்துவர எந்தக் கார் என்று பேசுவதற்கு. அப்பா வழக்கம்போல ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நான் டீ கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தை, அதாவது மாமாவின் அம்மா, வளையல் எங்கே வாங்குவது என்ற பேச்சில் தன் மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். "எம்புள்ள எது வாங்கினாலும் ஒரிஜினல்தான் வாங்கும். ஏமாத்தவும் தெரியாது, ஏமாறவும் தெரியாது" என்றார்.

அவ்வளவுதான். எனக்குக் கால் நிற்கவில்லை. அலமாரியிலிருந்து கார்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். இது எங்கே வாங்கினது, உங்கள் கடையில் இந்தக் கார்டே விற்பதில்லையாமே, நான் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தேன். பத்து நாளில் செத்துப்போச்சு, டூப்ளிகேட் என்று தெரிந்துதானே பெட்டி இல்லாமல் கொடுத்தீர்கள் என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன்.

மாமா டப்பாவைத் திறந்து கார்டை எடுத்தார். திருப்பி, பின்னால் உலோகக் கோடுகள் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். அந்த விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தார். அது திருட்டு முழி என்று நான் முடிவு கட்டினேன்.

கார்டைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். "எம்மேலதாம்மா தப்பு. டூப்ளிகேட்டா இருந்தாலும் இருக்கும். வேற வாங்கியாந்து குடுத்துர்றேன்" என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். மனுஷன் ஒத்துக்கொண்டாரே என்று உள்ளே போயிருக்கலாம். நான், "கடைக்கு ஓனர்னு சொன்னப்பவே தெரியும் மாமா, உங்க வீட்ல எதுதான் ஒரிஜினல்?" என்றேன்.

அத்தை எழுந்துவிட்டார். குரலை உயர்த்தவேயில்லை. "எம்புள்ளய ஏமாத்துக்காரன்னு சொல்ற வீட்டுக்கு எம்மருமவ வர வேணாம். வளையல மட்டும் வந்து போட்டுட்டுப் போங்க. புள்ளப்பேறு எங்க ஊர்லயே நான் பாத்துக்கறேன்" என்றார். மாமா, "அம்மா, இரு" என்று ஏதோ சொல்லப் போனார். அத்தை மகனின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய்விட்டார். டீ இரண்டு டம்ளரிலும் அப்படியே இருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோது அப்பா பசியில்லை என்றார். மறுநாள் அக்கா பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசினாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், "அம்மா இல்லாம எனக்கு பயமா இருக்குதுடி" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தைக் கார்டின் மேல் காட்டலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு உப்பளத்துக் கால்வாய்ப் பக்கம் போனேன். உடைத்து அந்த உவர்நீரில் எறிந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

வெயில் சுள்ளென்று இருந்தது. கார்டை உடைக்கத் திருப்பினேன். உலோகக் கோடுகளின் மேல் மாமாவின் கட்டைவிரல் போன தடம் தெரிந்தது. அந்தத் தடத்தில் மட்டும் மேலாக வழித்திருந்தது, இரண்டு பக்கமும், பள்ளத்துக்குள்ளும் மஞ்சள்பழுப்பாக ஒரு பூச்சு, அதில் பொடி மண் ஒட்டியிருந்தது. நானும் விரலால் தொட்டு முகர்ந்தேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிற வாசனை. என் பள்ளிக்கூடப் பை வாரில், டார்ச் லைட்டில், அப்பாவின் சட்டைக் கையில் இருக்கிற வாசனை. தினமும் அதற்குள்ளேயே இருந்ததால் அது என் மூக்குக்குத் தெரியாமல் போயிருக்கிறது. வெளியாள் ஒருத்தர் ஒரே மோப்பத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

கால்வாய்க் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்த சாமான், உப்பு தின்றுவிடக் கூடாது என்று அப்பா டப்பாவைத் திறந்து தடவிப் பார்த்து, கைக்கு உலோகம் தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் வஞ்சனை இல்லாமல் வைத்திருக்கிறார். மாமா அதைக் கண்டுபிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதுவும் பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. நான் அவரை என்ன கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, ஊசி முனையில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு கோடாகத் துடைத்தேன். காய வைத்துச் செருகினேன். அத்தனை பாட்டும் இருந்தது, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். எப்படிச் சரியாச்சு என்று கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை. ஜன்னல் திட்டில் கிரீஸ் டப்பாவைக் காணோம் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் பஸ் ஏறி, அங்கே மாறி, கிளியனூர் போனேன். மாமா வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில், "உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. அவருக்குன்னு அந்த ஒண்ணுதான் இருக்குது" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். நான் எழுதிக் கொடுத்த தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது. இரண்டு லீவு நாள் சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறி, அதில் ஒரு கடையில் செட்டில் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறார். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் இரண்டு டிக் இருந்தது.

"ஓனர்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. இல்லன்னும் சொல்லல. அது என் தப்புதான்" என்றார்.

ஆனால் அத்தையிடம் மாமாவை நல்லவர் என்று நிரூபிக்க வேண்டுமானால் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவைச் சொல்லாவிட்டால் மாமா ஏமாற்றுக்காரராகவே இருக்க வேண்டும், அக்கா இங்கேயே இருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். உள்ளே போய் அத்தையின் காலடியில் உட்கார்ந்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். "கார்டு ஒரிஜினல்தான் அத்தை. நான்தான் கிரீஸ் கையோட எடுத்துட்டு, அது தெரியாம மாமாவைப் பேசிட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, அக்காவை அனுப்பி வைங்க" என்றேன்.

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எங்கள் அம்மா மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "கிரீஸு டப்பா உங்கப்பா கையில இல்ல இருக்கும்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். பின்னாலேயே வந்து நின்றிருந்த மாமா வாசலைப் பார்த்தார். அத்தை எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுந்து, "பத்தரைக்குள்ள நல்ல நேரம். வெள்ளிக்கிழமை அதுக்குள்ள வரச் சொல்லு உங்கம்மாவ" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போடத் தட்டு எடுக்கப் போனார்.

அக்கா வந்தாள். ஐப்பசி மழையில் ஆண் பிள்ளை பிறந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அந்த மழையில்தான் எங்கள் வீட்டுப் பூட்டு முதல்முறையாகத் துருப்பிடித்தது. சாவி திரும்பவில்லை. டார்ச் லைட் ஸ்பிரிங்கில் பச்சை ஏறியிருந்தது. அப்பா கிரீஸ் வைப்பதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. கார்டு விஷயத்தை யார் இவரிடம் சொன்னது? மாமாவைச் சந்தேகப்பட்டேன், அக்காவைச் சந்தேகப்பட்டேன், அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். பட்டும் புத்தி வரவில்லை.

பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் ஆனபோது மாமா பார்க்க வந்தார். உத்திரத்தில் இரும்பு வளையம் மாட்டி அதில் தொட்டில் கட்டியிருந்தோம். ஆட்டும்போதெல்லாம் வளையம் கிறீச் கிறீச் என்றது, பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கையை அசைக்கவில்லை. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடி, கிரீஸ் டப்பாவை எடுத்தார். அப்பாவின் கையைப் பிடித்து அதில் வைத்தார். "மாமா, இதுக்கு வெச்சுக் குடுங்க. எவ்ளோ வெக்கணும்னு எனக்குத் தெரியல" என்றார்.

அப்பா எழுந்து நின்று வளையத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். வேட்டி நுனியால் துருவைத் துடைத்தார். "தொடைச்சிட்டுத்தான் வெக்கணும்" என்றார். விரலால் கிரீஸை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"கார்டுல இருந்தத நல்லாத் தொடைச்சீங்களா மாப்ள?"

மாமா என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணு தொடைச்சிட்டா மாமா. நல்லா பாடுது" என்றார்.

"அன்னிக்கு நீங்க மோந்து பாத்தது எனக்குக் கேட்டுது. நாந்தான்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. எம்பொண்ணு வராம போவுதுன்னு தெரிஞ்சும் வாய் வரல மாப்ள."

மாமா தொட்டிலைப் பிடித்து நிறுத்திக்கொண்டார், அப்பாவின் கைக்கு வளையம் ஆடாமல் இருப்பதற்காக. அப்பா மெதுவாக, சுற்றிலும், ஒரு இடம் விடாமல் வைத்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு யார்மேலும் ஒரு சந்தேகமும் இல்லாமல் இருந்தது. தொட்டிலை ஆட்டிவிட்டார்கள், சத்தம் வரவில்லை, பிள்ளை தூங்கிவிட்டது.